விற்பனைக்கு அல்லாத இரண்டு பிரதிகள்

போன வருடம் எங்கள் கம்பெனியில் புதிதாக ஒரு பிரின்டிங் மெஷின் இறக்கினார்கள். ஆன்லைனில் யாராவது ஒரு டி-ஷர்ட் கேட்டால் அந்த ஒன்றை மட்டும் அச்சடித்து, மடித்து, கவரில் போட்டு அனுப்புவதற்கான மெஷின். ஒரே டிசைனை மலைமலையாகப் பார்த்துப் பழகிய எங்களுக்கு, ஒற்றைப் பீஸுக்காக ஒரு மெஷின் ஓடுவது வேடிக்கையாக இருந்தது. எனக்கு டாக்குமென்டேஷன் பிரிவில் வேலை. எந்தப் பெட்டி எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது அந்த மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர், இப்போது புத்தகமும் இப்படித்தானாம், ஒருவர் கேட்டால் ஒரு பிரதி அச்சடிக்கிறார்களாம் என்று பேச்சுவாக்கில் சொன்னார். மற்றவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

என் பீரோவில் துணிகளுக்கு அடியில் ஒரு நீள நோட்டு இருந்தது. இருநூறு பக்கம். இருபத்திரண்டு வருடங்களாக அது என்னோடு வாடகை வீடு மாறி வாடகை வீடு வந்துகொண்டிருந்தது.

கணியூரிலிருந்து திருப்பூருக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. செக்கிங் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். தைத்து வந்த பனியனில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் இருக்கிறதா என்று நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்க வேண்டும். கம்பெனி ஹாஸ்டல் திருமுருகன்பூண்டியில் இருந்தது. ஓர் அறைக்கு எட்டுப் பேர். என் பக்கத்துப் பாய்க்காரி தூத்துக்குடிக்குத் தெற்கே ஓர் ஊரிலிருந்து வந்தவள். அவளுடைய அப்பா உப்பளத்தில் வேலை செய்தார். அவள் பேசினால் எங்களுக்குச் சிரிப்பு வரும், நாங்கள் பேசினால் அவளுக்கு. ‘என்னங்க’ என்று நான் யாரையாவது கூப்பிட்டால், இவ்வளவு மரியாதையை எந்த மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தாய் என்பாள்.

ஹாஸ்டலுக்குப் பின்னால் சிற்பக்கூடங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம்கூட உளிச் சத்தம் ஓயாது. அப்படித் தூக்கம் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என் பக்கம் திரும்பிப் படுத்துக் கேட்டாள்.

“ஏட்டி, நாம ரெண்டு பேரும் ஒரு கதை எழுதுவமா?”

கதை எழுதுகிற யாரையும் நாங்கள் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் மறுநாளே நோட்டு வாங்கிவிட்டோம். ஒருநாள் அவள் எழுத வேண்டும், மறுநாள் நான். அடுத்து என்ன வரும் என்று ஒருவரை ஒருவர் கேட்கக் கூடாது. உப்பளத்தைப் பார்த்தே வளர்ந்த ஒரு பெண், அம்மாவோடு ஊரைவிட்டுக் கிளம்பி, கரும்புக்காடும் வாய்க்காலும் உள்ள ஓர் ஊருக்கு வந்து பிழைக்கிற கதை. கடல் அவளுக்குத் தெரியும், வாய்க்கால் எனக்குத் தெரியும். கதையில் வரும் அப்பன் குடிகாரன். மகளுடைய சைக்கிளை விற்றுக் குடித்துவிட்டு, பாடிக்கொண்டே வீட்டுக்கு வருவான். அந்த அப்பன் வரும் பக்கங்களை அவள் என்னிடம் விட்டதே இல்லை. தன் முறை இல்லாத நாளில்கூட நோட்டைப் பிடுங்கி எழுதினாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. எனக்குத் தெரியும்.

ஒன்றரை வருடம் எழுதினோம். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. கல்யாணம் முடிவாகிவிட்டது என்று கடிதம் வந்தது. நான் பதில் போட்டேன். இன்னொரு கடிதம் வந்தது, அதற்கும் போட்டேன். மூன்றாவது கடிதத்தில், கதை எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டிருந்தாள். நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. முடித்துவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். கதையை முடித்தபோது எனக்கும் கல்யாணம் ஆகி, முகவரி மாறியிருந்தது. அந்தக் கடிதத்துக்கு நான் பதில் போடவே இல்லை. பிறகு எத்தனையோ முறை அவளைப் பற்றி நினைத்திருக்கிறேன். கம்பெனி வாசலில் தெற்கத்திப் பேச்சுக் கேட்டால் திரும்பிப் பார்ப்பேன். அவளாக இருக்காது.

ஒற்றைப் புத்தகம் அச்சடிக்கலாம் என்று தெரிந்தபின் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து நோட்டைத் தட்டச்சு செய்தேன். நான்கு மாதம் ஆனது. என் கணவர் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். மெஷினைத் தவிர வேறெதையும் உற்றுப் பார்க்காதவர் என்று நினைத்திருந்தேன். அதுவரை தட்டச்சு செய்ததை அவர் படித்துவிட்டு, கரும்புக்காடு வருகிற இடத்தில் கரும்பின் இலைச் சோகை கையை அறுப்பதை நான் எழுதவில்லை என்று சொன்னார். சேர்த்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் எங்கே அச்சடிப்பது என்று தேட ஆரம்பித்தேன். உலகம் முழுக்கக் கடை வைத்திருக்கும் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தைத்தான் எல்லோரும் முதலில் சொன்னார்கள். கணக்குத் தொடங்கி, பெயர் கொடுத்து, எல்லாம் நிரப்பியபின் மொழி கேட்டது. பட்டியலை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை பார்த்தேன். போனில் படிக்கும் புத்தகத்துக்குத் தமிழ் இருந்தது. தாளில் அச்சடிக்கும் புத்தகத்துக்கு இல்லை. எனக்குத் தாள் வேண்டும். கையில் பிடிக்க முடியாத புத்தகத்தை நான் புத்தகமாக நினைத்துப் பழகவில்லை.

இரண்டாவதாகப் பார்த்தது நம் நாட்டு நிறுவனம். என் எண்ணைக் கொடுத்த மறுநாளே ஒரு பெண் கூப்பிட்டுப் பேசினாள். எல்லா ஆன்லைன் கடைகளிலும் புத்தகத்தை ஏற்றிவிடுவார்களாம். தமிழில் எந்த ஊரில் யார் தேடினாலும் கண்ணில் படுமாம். அவள் சொன்ன மற்றதெல்லாம் எனக்கு நினைவில்லை. யார் தேடினாலும் கண்ணில் படும் என்றது மட்டும் காதிலேயே நின்றது. மூன்றாவது ஒரு சின்னத் தளம். யாரும் கூப்பிடவில்லை, எதையும் நம்மேல் திணிக்கவில்லை. கோப்பை நாமே ஏற்ற வேண்டும். கேட்கிறவர்களுக்கு மட்டும் அச்சடித்து அனுப்புவார்கள். அவர்களுடைய பக்கத்தைத் தவிர வேறெங்கும் புத்தகம் தெரியாது. தெரியாத இடத்தில் எதற்குப் போட வேண்டும் என்று அதை மூடிவிட்டேன்.

இரண்டாவதையே முடிவு செய்தேன். படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. இந்தப் படைப்பு முழுவதும் என்னுடையது, இதில் வேறு யாருக்கும் உரிமை இல்லை என்று உறுதி கூறி, அந்தக் கட்டத்தைத் தொட வேண்டும். தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும்.

என்னால் தொட முடியவில்லை. ஒரு வாரம் அப்படியே கிடந்தது. அந்த நிறுவனத்துப் பெண் போன் செய்து, அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான் மேடம் என்றாள். வேலையில் தினமும் எத்தனையோ உறுதிமொழிகளின் கீழ் கையெழுத்துப் போடுகிறேன். பெட்டிக்குள் என்ன இருக்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும் என்பதுதான் அந்த வேலையில் எனக்குத் தெரிந்த ஒரே நேர்மை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவரிடம் சொன்னேன்.

“அந்தப் புள்ளயக் கேட்டுப்போட்டுப் பண்ணு. கேக்காமப் பண்ணுனா உனக்கு உறுத்தீட்டே இருக்கும்.”

“எங்கீன்னு தேடறதுங்க? இருவத்திரண்டு வருசமாச்சு.”

“இப்ப மட்டும் என்ன பண்ணீட்டு இருக்கறே?” என்றார். “புஸ்தகம் போட்டா அந்தப் புள்ள கண்ணுல படும்னுதான போடறே?”

எனக்கே அதுவரை தெரியாததை அவர் அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டு, முகம் கழுவப் போய்விட்டார்.

தேடுவது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. அதுதான் பிறகு வலித்தது. எங்கள் ஃபினிஷிங் பிரிவில் சூப்பர்வைசராக இருப்பவருக்கு அந்தப் பக்கம்தான் ஊர். அவரிடம் அவள் ஊரையும், அப்பா உப்பளத்தில் வேலை பார்த்ததையும், வீட்டுப் பக்கத்தில் ஒரு சர்ச் இருந்ததையும் சொன்னேன். அவர் தன் அக்காவிடம் கேட்டார். அக்கா யாரிடமோ கேட்டார். பத்தே நாளில் ஒரு துண்டுச் சீட்டில் எண் வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் ஒருவரிடம் வாய்விட்டுக் கேட்டிருந்தால் போதும்.

ஸ்டோர் ரூமுக்குப் போய், துணி ரோல்களுக்கு நடுவில் நின்றுகொண்டு கூப்பிட்டேன். நான் யார் என்று சொன்னேன். “பூண்டி ஹாஸ்டலா?” என்றாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறாளாம். இரண்டு பெண்களையும் கட்டிக் கொடுத்தாயிற்று. கணவர் இறந்தபின் அப்பா வீட்டுக்கே வந்துவிட்டாள். எல்லாவற்றையும் யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். நான் நோட்டைப் பற்றிச் சொன்னபோது மட்டும் குரல் மாறியது.

“அத இன்னும் வச்சிருக்கியா நீ?” என்றாள்.

தட்டச்சு செய்ததை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் அவளே கூப்பிட்டாள். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துத் தட்டுக் கழுவும் சத்தம் பின்னால் கேட்டது. முழுவதும் படித்துவிட்டாளாம். வாய்க்கால் கரையில் அந்தப் பெண் முதல்முறையாக உப்பில்லாத தண்ணீரில் முகம் கழுவுகிற இடம் இருக்கிறதே, அதை எழுதிய அன்று தனக்கு அழுகை வந்தது நினைவிருக்கிறதா என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் என்னுடையது. கதையிலேயே நல்ல பக்கம் அதுதான். இத்தனை வருடம் நான் பெருமையாக மனதுக்குள் வைத்திருந்த பக்கமும் அதுதான். மெதுவாகச் சொன்னேன், நோட்டில் அது என் கையெழுத்தில்தான் இருக்கிறது என்று.

“கையி ஒன்னுதுதான்ட்டி. சொன்னது நான்லா,” என்றாள். “கத்திரிக்கோலு பட்டு எனக்கு வெரல்ல கட்டுப் போட்டிருந்துச்சுல்லா. நான் படுத்துக்கிட்டே சொல்லுதேன், நீ எழுதுத.”

அவள் சொன்னதும் கட்டுப் போட்ட அந்த விரல் எனக்கு நினைவு வந்தது. மருந்து வாசனைகூட வந்தது. வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்துத்தான். ஆனால் அதே வாரத்தில் என் கையெழுத்திலேயே வரிசையாக ஐந்து நாட்கள் இருந்தன. தட்டச்சு செய்தபோது அதைக் கவனிக்கக்கூட இல்லை. வாய்க்காலைப் பார்த்தே இராத ஒருத்தி அந்த வாய்க்காலை எழுதியிருக்கிறாள். தினமும் அதில் குளித்த நான், அதை என் நினைவு என்றே நம்பியிருந்திருக்கிறேன். அன்று எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கிறோம் என்பதற்கு அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று தோன்றியது.

அடுத்த முறை பேசியபோது புத்தகமாகப் போடச் சம்மதமா என்று கேட்டேன். போடலாம் என்றாள். எல்லாக் கடைகளிலும் வரும் என்று நான் ஆசையாகச் சொன்னேன்.

“அப்பா இருக்காவ,” என்றாள். “குடிய விட்டு பதினேழு வருசம் ஆச்சு. ஊர்க்காரங்க யாராச்சும் படிச்சிட்டு அவிய காதுல போட்டா, அவியளால தாங்க முடியாது. நான் அன்னைக்கு ஆத்தாமையில எழுதினேன். இப்ப அவியளுக்கு நான் ஒருத்திதான்.”

அந்தப் பக்கங்களை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். எடுத்தால் கதையில் என்ன இருக்கும் என்று அவளே திருப்பிக் கேட்டாள். பெயர் மாற்றிக்கொள்ளலாமே என்றேன். அந்த ஊரில் மகளுடைய சைக்கிளை விற்றவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும் என்றாள். கடைசியில், “நமக்கு மட்டும் போடேன். ஒனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு,” என்றாள்.

சரி என்றேன். போனை வைத்தபின் சரியாக இல்லை. புத்தகக் கடை ஒன்றின் பக்கத்தில் எங்கள் அட்டை வருவதை நான் எத்தனையோ முறை மனதில் பார்த்திருந்தேன். முன்பின் தெரியாத ஒருத்தி, எந்த ஊரிலோ, பஸ்ஸில் உட்கார்ந்து அதைப் படிப்பதையும் பார்த்திருந்தேன். அதையெல்லாம் விட இரண்டு நாள் ஆனது. பிறகு, நான் மூடிவிட்டு வந்த அந்தச் சின்னத் தளத்தைத் திறந்தேன். அதில் ‘பொதுப் பட்டியலில் காட்ட வேண்டாம்’ என்றொரு வசதி இருந்தது. இரண்டு ஆசிரியர்களின் பெயர்களுக்கும் இடம் இருந்தது. முன்பு பார்த்தபோது இரண்டும் என் கண்ணில் படவில்லை.

வேலை சுலபமாக முடியவில்லை. முதல் தடவை ஏற்றியபோது கொம்புகள் எல்லாம் எழுத்தைவிட்டுத் தள்ளி நின்றன. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே சேர்த்து மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. அட்டைக்கு அவள் போனில் ஒரு படம் எடுத்து அனுப்பினாள். மழைக்காக ஓலை வேய்ந்து மூடிய உப்புக் குவியல்கள், பின்னால் வெளிறிய வானம். உறுதிமொழிக் கட்டம் இங்கேயும் இருந்தது. ‘எங்களுடையது’ என்று இருந்தது. அவளுக்குப் போன் செய்து, தொடட்டுமா என்று கேட்டுவிட்டுத் தொட்டேன்.

என் பிரதி ஒரு வியாழக்கிழமை கம்பெனி முகவரிக்கு வந்தது. கவரைப் பிரித்து, மேஜைக்கு அடியில் மடியில் வைத்துக்கொண்டே மாலைவரை வேலை பார்த்தேன். அவளுடையது இரண்டு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தது. வந்துவிட்டது என்று ஒரு வார்த்தை மட்டும் அனுப்பினாள்.

தீபாவளிக்குக் கம்பெனி ஒரு வாரம் மூடியது. பண்டிகை முடிந்த மூன்றாம் நாள் மதுரைக்குப் போய், அங்கிருந்து தூத்துக்குடிக்குப் போய், இன்னொரு பஸ் ஏறிப் போனேன். வழியில் உப்பளங்கள் வந்ததும் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தேன். அவள் எழுதியதை வைத்து நான் கற்பனை செய்திருந்ததைவிட வெறிச்சென்று இருந்தன.

பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த கண்ணாடி போட்ட பெண்ணைத் தாண்டி நான் நடந்துவிட்டேன். அவளும் எனக்குப் பின்னால் இறங்கியவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். கையைப் பிடித்துக்கொண்டோம், அவ்வளவுதான். வீடு வரைக்கும் பஸ் கூட்டத்தைப் பற்றியே பேசினோம். மதியம் மீன் குழம்பு வைத்துப் போட்டாள். அவளுக்குச் சுகர், எனக்குத் தைராய்டு. மகள்களைப் பற்றிச் சொன்னாள், மகனைப் பற்றிச் சொன்னேன். ஹாஸ்டலைப் பற்றி இருவருமே எடுக்கவில்லை. இதற்காகவா இத்தனை வருடம் ஏங்கினேன் என்று ஒரு கணம் தோன்றி, அப்படித் தோன்றியதற்காக வருத்தமாகவும் இருந்தது.

அவளுடைய அப்பா வாசல் பக்கம் நைலான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உப்பளத்து வெயிலின் கூச்சத்தில் பார்வை போய்விட்டது. என் காலடிச் சத்தம் கேட்டதும் முகத்தைத் திருப்பினார்.

“யாரு தாயி, திருப்பூர்ப் பிள்ளையா? சாப்பிட்டியா?”

சாப்பிட்டேனுங்க என்றேன். அந்த ‘ங்க’ அவருக்குப் பிடித்துப்போய், இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு மகளைக் கூப்பிட்டு, நேரமாயிற்றே, இன்றைக்குப் படிக்கவில்லையா என்று கேட்டார். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் உள்ளே போய், டிவி ஸ்டாண்டின் கீழிருந்து எங்கள் புத்தகத்தை எடுத்து வந்தாள். அவள் தனியாகப் படித்துச் சிரித்தது ஒருநாள் அவர் காதில் விழுந்து, என்ன புத்தகம் என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து தினமும் கொஞ்சம் படித்துக் காட்டுகிறாளாம்.

அவர் காலடியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். சைக்கிளை விற்ற இடம் வந்தது. அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது வேறு. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே, கண் வரியில் நகர நகர, அங்கே இல்லாததைச் சொல்லிக்கொண்டு போனாள். அந்த அப்பன் சைக்கிளை விற்கக் கடைவரைக்கும் தள்ளிக்கொண்டு போகிறான். கடைக்காரன் பெல்லை அடித்துப் பார்க்கிறான். சத்தம் கேட்டதும் அப்பனுக்கு மனசு கேட்கவில்லை. ஓட்டத் தெரியாததால் அத்தனை தூரமும் மறுபடி தள்ளிக்கொண்டே திரும்பி வருகிறான். வழியில் ஒரு நாய் துரத்துகிறது. கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். அது தன் கதை என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். தெரியாமலும் இருக்கலாம். அவர் கை மட்டும் அவள் தலைமேல் போய்க் கொஞ்ச நேரம் இருந்தது.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட வந்தவளிடம், அதையே எழுதிக் கொடுத்தால் என்ன, கோப்பை மாற்றிவிடலாம், பிறகு எல்லோரும் படிக்கிற மாதிரியே போடலாமே என்று கேட்டேன். பார்க்கலாம் என்றாள். பஸ் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, கேட்டது மறந்துபோவதற்குள் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். கடைக்காரன், பெல், நாய் எல்லாம் வந்தன. அவள் சொன்ன மாதிரி மட்டும் வரவில்லை. அவளுக்குப் போன் செய்து, அந்த இடத்தை இன்னொரு முறை சொல் என்றேன். நினைவில்லையே என்றாள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று வாயில் வருகிறதாம். இப்போது அந்த அப்பனும் மகளும் சேர்ந்து வாய்க்கால் ஊருக்கு வந்துவிட்டார்களாம். அச்சடித்த புத்தகத்தில் அந்த அப்பன் அங்கே வருவதே இல்லை.

அங்கே வந்து அவர் என்ன செய்கிறார் என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. எங்கள் ஊர் வாய்க்காலில் அவரை இறக்கியிருக்கிறாளா, கரும்புக்காட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறாளா என்று தெரிய வேண்டும்போல இருந்தது. போனிலேயே கொஞ்சம் படித்துக் காட்டேன் என்று கேட்டேன்.

“அப்பா பக்கத்துல இருந்தாத்தான்ட்டி வருது,” என்றாள்.